கோபன்ஹேகனில் நான் ஏறாத படகு

எனக்கு அறுபத்தொன்பது வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். நாலு நான் பெற்றது, இரண்டு தாயில்லாமல் போன என் கொழுந்தனார் பிள்ளைகள். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு மதுரையில் ஆறையும் கூட்டிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் போய்த் திரும்பியிருக்கிறேன். ஒன்றைக்கூடத் தொலைத்ததில்லை. இதை முதலில் எழுதிவிட வேண்டும். அடுத்து வருவதைக் கேட்கிறவர்கள் என்னைப் பிள்ளை பார்க்கத் தெரியாதவள் என்று நினைத்துவிடக் கூடாது.

என் மூன்றாவது மகன் முரளி அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவே என்கிற ஊரில் வீடு வாங்கியிருக்கிறான். மருந்துக் கம்பெனியில் வேலை. மருமகள் சுதா மெட்ராஸ்காரி. பேத்தி அனிதாவுக்கு ஒன்பது வயது. அமெரிக்காவிலேயே பிறந்தவள். நாம் தமிழில் பேசினால் எல்லாம் விளங்கும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். ஆனால் என்னை அப்பத்தா என்றுதான் கூப்பிடுவாள். அதை மட்டும் சுத்தமாகச் சொல்லுவாள்.

பள்ளிக்கூட லீவு முடிந்ததும் சுதா ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேருவதாக ஏற்பாடு. பள்ளிக்கூடம் விட்டு அனிதா வரும்போது வீட்டில் அம்மா இருக்க மாட்டாள். அதற்கு அந்த ஊரில் டேகேர் என்று ஒன்று இருக்கிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம். நான் குத்துக்கல்லாக வீட்டில் இருக்கும்போது அது எதற்கு என்று கேட்டேன்.

"உங்களால முடியாதுன்னு சொல்லலை அத்தை. ஒரு அவசரம்னா போன் பண்ணணும், இங்கிலீஷ்ல பேசணும். நடந்து போய் ஒருத்தரைக் கூப்பிடலாம்னா எல்லாரும் கார்லதான் இருக்காங்க."

"ஆறு பிள்ளையை இங்கிலீஷ்லயா வளத்தேன்?"

முரளி நடுவில் புகுந்து, "டென்மார்க் போயிட்டு வந்து பேசிக்கலாம்மா" என்றான். அவன் கம்பெனி அவனை ஒரு வேலையாக அந்த நாட்டுக்கு அனுப்பியது. கூடவே எங்களையும் கூட்டிப் போனான். அப்படித்தான் நான் கோபன்ஹேகன் போனேன். போகும்போதே தெரியும், அங்கே சுதா என்னைக் கவனித்துக்கொண்டே இருப்பாள் என்று. நானும் கவனமாகத்தான் இருந்தேன்.

முதல் இரண்டு நாளும் மழை. ஓட்டல் அறையிலேயே இருந்தோம். அடுத்த நாள் வெயில் வந்தது. முரளி வேலைக்குப் போய்விட்டான். நாங்கள் மூன்று பேரும் ஊர் பார்க்கக் கிளம்பினோம். நான் சேலைக்கு மேல் சுதாவின் கோட்டை மாட்டி, காலில் சாக்ஸும் ஷூவும் போட்டிருந்தேன். ஆவணி மாசத்துக்கு இது என்ன குளிர் என்று கேட்டால், இதுதான் இவர்களுக்குக் கோடை என்கிறாள் சுதா.

பிஸ்கட்டவேயில் மனிதரைக் காண முடியாது, காரைத்தான் காணலாம். இங்கே அதற்கு மாறு. கிழவியிலிருந்து பிள்ளைத்தாய்ச்சி வரைக்கும் எல்லோரும் சைக்கிள். கோட்டும் டையும் போட்ட ஆபீசர்கூடச் சைக்கிளில் போகிறார். நம் ஊர் தபால்காரருக்கு இருக்கிற மரியாதை இந்த ஊரில் எல்லோருக்கும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ரோட்டோரத்தில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை. அது தெரியாமல் நான் அதில் நடந்தேன். பின்னால் மணி அடித்துக்கொண்டு ஒருத்தி வந்தாள். நான் ஒதுங்கவில்லை. வருகிறவள்தானே ஒதுங்க வேண்டும். அவள் காலை ஊன்றி நின்று என்னவோ சொன்னாள்.

"என்னடி சொல்றா?"

"இது சைக்கிள் போற வழி, மியூசியம் மாதிரி நின்னு பாக்குற இடம் இல்லைங்கிறா" என்று சுதா சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். அந்தப் பிடி எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளையைப் பிடிக்கிற பிடி அது.

ரொட்டிக் கடை ஒன்றில் அனிதா கண்ணாடியைக் காட்டி டேனிஷ் வேண்டும் என்றாள். நியூ ஜெர்சியில் டோனட் கடையில் சுருட்டிச் சுருட்டி சர்க்கரைப் பாகு ஊற்றி வைத்திருப்பார்களே, அதற்குப் பெயர் டேனிஷ். டேனிஷ் என்றால் டென்மார்க் பலகாரம் என்று அர்த்தமாம். கடைக்காரம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "அது எங்க பலகாரம் இல்லை கண்ணு. நாங்க இதை வியன்னா ரொட்டின்னு சொல்லுவோம்" என்று சொன்னாளாம். அமெரிக்காக்காரன் டென்மார்க் மேல் போடுகிறான், டென்மார்க்காரி வியன்னா மேல் போடுகிறாள். வியன்னாக்காரன் யார் மேல் போடுவானோ. நாலு மடிப்பும் நாலு விதமாக மொறுமொறுவென்று இருந்தது. வெண்ணெயைக் கொட்டியிருந்தார்கள்.

மீனும் தின்றேன். கறுப்பு ரொட்டிமேல் ஊற வைத்த மீன், அதன் மேல் பச்சை வெங்காயம். அடுப்பே காட்டவில்லை. சுதா முகத்தைச் சுளித்துக்கொண்டாள். நான் முழுதும் தின்றேன். புளிப்பும் இனிப்புமாக இருந்தது. ஒரு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டிருந்தால் இன்னும் ஒன்று கேட்டிருப்பேன்.

அங்கிருந்து கால்வாய்க்கு வந்தோம். ஊருக்குள்ளே தெரு மாதிரித் தண்ணீர் ஓடுகிறது. இரண்டு பக்கமும் மஞ்சளும் செங்காவியும் அடித்த உயர உயரமான வீடுகள். ஒரு சர்ச்சின் கோபுரத்துக்கு வெளிப்பக்கமாகவே படிக்கட்டு சுற்றிச் சுற்றி ஏறுகிறது. தண்ணீர் ஓரத்தில் தலையில் துணி கட்டிய ஒரு மீன்காரியின் கல்சிலை. கையில் மீனை வைத்துக்கொண்டு, வாங்குகிறாயா இல்லையா என்று கேட்கிற மாதிரி நிற்கிறாள். ராஜா ராணிக்குச் சிலை பார்த்திருக்கிறேன். மீன்காரிக்குச் சிலை வைத்த ஊரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சிலைக்குக் கொஞ்ச தூரத்தில் படகுத்துறை. ரோட்டிலிருந்து படி இறங்கி, தண்ணீர் மட்டத்துக்குப் போக வேண்டும். மேலே நின்றால் கீழே இருப்பது தெரியாது. படகுகள் தட்டையாக, கூரை இல்லாமல் இருந்தன. பாலங்கள் தாழ்வானவை. படகில் எழுந்து நின்றால் தலை போய்விடும் என்று சொன்னார்கள். படியில் பாசி வழுக்கியது. படகுக்காரன் ஒவ்வொரு பெண்ணையும் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தான். முன்பின் தெரியாத ஆம்பளை கையைப் பிடித்து நான் இறங்குவதா? எனக்கு வேண்டாம் என்றேன்.

"ஏன் அத்தை, வாங்களேன்."

"நீங்க போயிட்டு வாங்க. நான் மீன்காரிகிட்ட உக்காந்திருக்கேன்."

"அங்கயே இருக்கணும். எங்கயும் போகக் கூடாது, என்ன?"

"நான் என்ன பச்சப்புள்ளையா?"

சுதா இரண்டு சீட்டு வாங்கி, ஒன்றை அனிதா கையில் கொடுத்தாள். சுதா முன்னால் இறங்கினாள். அனிதா நடுப்படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கையை ஆட்டி, "சரித்தா, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். நடந்துபோய்ச் சிலைக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

வேறு என்ன சொல்லுவது? விடைபெறும்போது நம்மில் யாரும் போறேன் என்று சொல்லுவதில்லை. அப்படிச் சொன்னால் திரும்பாமல் போகிற போக்கு. கடைக்குப் போனாலும் வர்றேன், ஊருக்குப் போனாலும் வர்றேன். பிறந்ததிலிருந்து வாயில் இருக்கிற வார்த்தை. அதை யோசித்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பெஞ்சில் சுகமாக இருந்தேன். முதுகில் வெயில் பட்டது. பிள்ளையை வண்டியில் படுக்க வைத்து, அந்த வண்டியைக் கடைக்கு வெளியிலேயே விட்டுவிட்டு ஒருத்தி உள்ளே போனாள். எனக்குத் திக்கென்றது. அவள் வருகிற வரைக்கும் அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரார் பிள்ளைக்கு அன்றைக்கு நான் காவல்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். சுதா படியேறி வந்தாள். காற்றில் முடியெல்லாம் கலைந்து, முகம் சிவந்து, சந்தோஷமாக இருந்தாள்.

"எப்படி இருந்துச்சு அத்தை? பின்னாடி நல்லா உக்கார இடம் கிடைச்சுதா?"

"எதுல?"

"போட்லதான்." சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. "அனிதா எங்க? பாத்ரூமா?"

"உன்கூடத்தானே வந்தா."

"உங்ககூடத்தானே இருந்தா!"

அந்த நேரம் எனக்குக் காது அடைத்துவிட்டது. சுதாவின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. பிறகுதான் விஷயம் விளங்கியது. கூட்டம் தள்ளியதில் சுதா படகின் முன்பக்கம் போய்விட்டாள். அனிதா பின்னாலிருந்து, "அப்பத்தாவும் வர்றாங்க, நான் அவங்ககூடப் பின்னாடி உக்காந்துக்கறேன்" என்று கத்தியிருக்கிறாள். நான் மனசு மாறி ஏறிவிட்டேன் என்று சுதா நினைத்துக்கொண்டாள். படகு நிறையத் தலைகள். பாலம் வரும்போதெல்லாம் எழுந்திருக்காதே, எழுந்திருக்காதே என்று ஒலிபெருக்கி. திரும்பிப் பார்த்தாலும் பின்பக்கம் தெரியவில்லை.

"நான் எங்க வர்றேன்னு சொன்னேன்? பொய் சொல்றாளா பிள்ளை?"

"அவ பொய் சொல்ல மாட்டா!"

நடுத்தெருவில் இரண்டு பேரும் கத்தினோம். வீட்டில் இத்தனை வருஷத்தில் ஒரு சொல் அதிகமாகப் பேசிக்கொண்டதில்லை. சுதா கீழே ஓடிச் சீட்டுக் கொடுக்கிறவனைக் கேட்டாள். அவன் அப்போதுதான் ஆள் மாறி வந்தவன். தனியாகப் பிள்ளை எதையும் பார்க்கவில்லை என்றானாம். காலையில் ஒரு பொம்மைக் கடை வாசலில் அனிதா நின்று நின்று பார்த்தாள், அங்கே போயிருப்பாள் என்றாள் சுதா. இரண்டு பேரும் அந்தத் தெருவுக்கு ஓடினோம். ஷூ எனக்குப் பழக்கமில்லை, இரண்டு இடத்தில் தடுக்கியது. கடையில் இல்லை. ரொட்டிக் கடையில் இல்லை. வெள்ளைப் பிள்ளைகளுக்கு நடுவில் கறுப்பு முடி தெரிகிறதா என்று தெருவெல்லாம் பார்த்தேன். பார்க்கிற இடமெல்லாம் தண்ணீர்தான் கண்ணில் பட்டது. இத்தனை தண்ணீர் இருக்கிற ஊரில் ஒரு கைப்பிடிச் சுவர் கிடையாது. காலையில் அழகாகத் தெரிந்த தண்ணீர்.

ஒரு மணி நேரம் அலைந்துவிட்டுத் திரும்பத் துறைக்கே வந்து, அதை ஒட்டிய பாலத்தில் நின்றோம். சுதா போலீசைத் தேடிப் போகிறேன் என்றாள்.

"நானும் வர்றேன்."

"வேணாம். நீங்க இந்தப் பாலத்துலயே நில்லுங்க. உங்களையும் தேட என்னால முடியாது." போனவள் திரும்பி வந்தாள். "டேகேர்ல இப்படி நடக்காது அத்தை" என்றாள். சொல்லிவிட்டு ஓடினாள்.

நான் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தேன். ரோட்டில் குரல் உசத்தாதவள் நான். வாசலில் நின்று காய்க்காரனைக்கூடக் கத்திக் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு, "அனிதா! ஏத்தா அனிதா!" என்று அந்த ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

சைக்கிளில் போன ஒரு அம்மா இறங்கி வந்தாள். என் வயது இருக்கும். வெள்ளைத் தலை, சைக்கிள் கூடையில் கீரையும் பூவும். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. நான் இடுப்புக்கு மேலே கையை வைத்து உயரம் காட்டினேன். சடை என்று காதுக்குக் கீழே விரலால் பின்னிக் காட்டினேன். கம்மல் காட்டினேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். பிறகு சைக்கிளைச் சாத்திவிட்டு, கம்பியில் சாய்ந்து அவளும் கூப்பிட ஆரம்பித்தாள். "அனீடா! அனீடா!" என்றாள். இரண்டு கிழவிகள் பாலத்தின் மேல் நின்று ஒரு பெயரைக் கூவிக்கொண்டிருந்தோம்.

பாலத்துக்கு அடியிலிருந்து ஒரு படகின் மூக்கு வெளியே வந்தது. வரிசை வரிசையாகத் தலைகள் எனக்கு நேர் கீழே நகர்ந்தன. கடைசி வரிசையில் இரட்டைச் சடை. பக்கத்தில் யாரும் இல்லை. அந்த இடத்தில் அவளுடைய சிவப்பு ஸ்வெட்டர் விரித்துப் போட்டிருந்தது.

நான் கூப்பிட்டதும் நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. கோபமாக இருந்தாள். கையை விரித்து இங்கிலீஷில் என்னவோ கத்தினாள். அதில் கமிங் என்கிற வார்த்தை மட்டும் எனக்குத் தெரிந்தது.

எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியாது. படகுக்காரன் கையை நீட்டினான், பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அதை நான் உணர்ந்ததே சுதா வந்த பிறகுதான். சைக்கிள் அம்மாதான் போய், போலீஸ்காரரோடு அனிதா பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு தெருவில் வந்த அவளைக் கண்டு கூட்டி வந்தாள். அப்போது நான் அனிதாவின் பக்கத்தில், அந்த ஸ்வெட்டர் கிடந்த இடத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏன் காலைப் பிடித்தேன் என்றும் தெரியாது.

சுதா அனிதாவை அடிக்கத்தான் கையை ஓங்கினாள். ஓங்கிய கையோடு படியில் உட்கார்ந்துவிட்டாள். அனிதா படபடவென்று பேசினாள், சுதா எனக்குத் தமிழில் சொன்னாள்.

"அப்பத்தா வர்றேன்னு சொன்னாங்க. அந்த போட்ல பின்னாடி ரெண்டு இடம் இல்லை. அதனால நான் இறங்கி அடுத்த போட்ல ஏறி இடம் பிடிச்சேன். யார் கேட்டாலும் என் அப்பத்தா வர்றாங்கன்னு சொன்னேன். வரலை. அதனால இறங்காம ரெண்டாவது தடவையும் சுத்தினேன். ஏன் எல்லாரும் என்மேல கோவப்படறீங்க? அவங்கதான் வர்றேன்னு சொல்லிட்டு வரலை."

சுதா என்னைப் பார்த்தாள். "வர்றேன்னா சொன்னீங்க?"

"ஆமா. நீ ஆத்தா வீட்டுக்குப் போகும்போது என்ன சொல்லுவ?"

"வரேன்னுதான் சொல்லுவேன்." திரும்பி அனிதாவைப் பார்த்தாள். "அவளுக்குத் தெரியாதே அத்தை. வர்றதுன்னா அவளுக்கு வர்றதுதான். போறேன்னு சொல்லியிருக்கலாமே."

"ஒரு பச்சப்புள்ளை முகத்தைப் பாத்து அந்த வார்த்தையைச் சொல்லுவாங்களா?"

அதைக் கேட்டதும் சுதாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். போலீஸ்காரர் ஒன்றும் புரியாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சைக்கிள் அம்மா கூடையிலிருந்து ஒரு பூவை எடுத்து அனிதாவிடம் கொடுத்துவிட்டு, எங்களுக்குக் கையை ஆட்டி ஏறிப் போய்விட்டாள். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் முரளி ஓட்டலுக்கு வந்தான். வெளியே இன்னும் பகல் மாதிரி வெளிச்சம். அனிதா தூங்கிவிட்டாள்.

"என்னம்மா, ஊர் பாத்தீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சுதா சொன்னாள். "போட்ல போனோம். அத்தைகூடக் கடைசியில ஏறிட்டாங்க. நல்லா இருந்துச்சு."

ஒரு சொல் பொய் இல்லை. ஆனால் எனக்குத் தலை நிமிரவில்லை.

பிஸ்கட்டவே திரும்பியதும், சாப்பாட்டு மேஜையில் முரளி பேச்சை எடுத்தான். "அதான் டென்மார்க்ல ஒரு நாள் பூரா அம்மாவும் உங்ககூட வெளிய சுத்தினாங்களே, ஒரு சிக்கலும் வரலையே. டேகேர் எதுக்கு? வேணாம்னு சொல்லிடு சுதா."

"சரிங்க" என்றாள் சுதா. என் பக்கம் பார்க்கவில்லை.

நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் சுதா அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"நீ ஏன் அவன்கிட்டச் சொல்லலை?"

"சொன்னா உங்களை ஏசுவாரு. இல்லேன்னா என்னை. எதுக்கு அத்தை?"

"உனக்குப் பயமா இருக்கா, பிள்ளையை என்கிட்ட விட?"

கத்தி நின்றது. "இருக்கு அத்தை" என்றாள். மறுபடியும் நறுக்க ஆரம்பித்தாள்.

அந்தப் பதிலுக்காக அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. என்னிடம் உள்ளதைச் சொன்னாள். ஆனால் அவள் மறைத்ததால் கிடைத்த பிள்ளையை நான் எப்படி வைத்துப் பார்ப்பேன்? ஆறு பேரையும் நான் யார் வாயையும் மூட வைத்து வளர்க்கவில்லை. முரளியிடம் வாயால் சொன்னால் என் பக்கமாகத்தான் சொல்லிவிடுவேன். நடுவில் அவன் குறுக்கே பேசுவான், எனக்குக் கோபம் வரும், சொல்ல வேண்டியது விட்டுப்போகும். அதனால்தான் மூன்றாம் வகுப்பில் படித்த எழுத்தை வைத்துக்கொண்டு இவ்வளவையும் உட்கார்ந்து எழுதினேன். இதை வாசிக்கக் கேட்ட பிறகு சுதா சொல்லுவதுதான் முடிவு. டேகேர் என்றால் டேகேர். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். முரளியும் அவளை ஒரு வார்த்தை கேட்கக் கூடாது.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள். அனிதா, சனிக்கிழமை தோறும் உங்கம்மா உனக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறாள் அல்லவா? இங்கே வா தாயி. உங்கப்பாவை டீவியை நிறுத்தச் சொல். உங்கம்மாவைக் கையைத் துடைத்துவிட்டு வந்து உட்காரச் சொல். இதை முதலிலிருந்து எல்லோரும் கேட்க வாசித்துக் காட்டு. என் எழுத்து புரியாத இடத்தில் கேள். எதையும் தாண்டிப் போகாதே.